‘கடலுக்கு அப்பால்’ – மரணமில்லாத ஒரு போர்க்காலக் காதல்

இலக்கியம் பேசும் இடத்தில் சீனத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பற்றித் தொடங்குவது நண்பர்கள் சிலருக்கு நெருடலாக இருக்கக்கூடும். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. விருத்தாசலத்தில் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசும் நாங்கள் ஐந்து பேர். எங்களில் ஒருவருடைய மகள் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, ‘தி டிஸ்கைஸர்’ என்ற ஆங்கிலப் பெயரில் உலகெங்கும் அறியப்பட்ட சீனத் தொடரை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். ஒவ்வொருவராக நாங்களும் அதில் விழுந்தோம். தொடரைப் பற்றிய பேச்சு இரண்டு கூட்டங்களைத் தின்றுவிட்டு, மூன்றாவது கூட்டத்தில் ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் வந்து நின்றது. ஏன் அங்கே வந்து நின்றது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

தொடரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜாங் யோங் என்பவரின் நாவலைத் தழுவி எடுக்கப்பட்டு 2015-இல் ஹூனான் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து எழுபது ஆண்டுகள் நிறைந்ததைச் சீனா பெரிதாக நினைவுகூர்ந்த ஆண்டு அது. கதை நடப்பது ஜப்பானியரும் அவர்களுடைய பொம்மை அரசும் கோலோச்சும் ஷாங்காய் நகரில். பெரிய வணிகக் குடும்பம் ஒன்றின் கடைக்குட்டிப் பிள்ளை மிங் தாய் உளவுத்துறைக்குள் இழுக்கப்படுகிறான். பயிற்சிக் காலத்தில் அவனுக்கு இணையாகச் சேர்த்துவைக்கப்படுபவள் யூ மான்லி. துயரமான முன்கதை உள்ள பெண். அவள் அவனை நேசிக்கிறாள். அவன் நேசிப்பதோ வேறொருத்தியை. இறுதியில் நகர மதிலில் கயிற்றில் தொங்கும் நிலையில், தன்னைக் காப்பாற்ற முயன்றால் அவனும் சாவான் என்று உணர்ந்து, கயிற்றைத் தானே அறுத்துக்கொள்கிறாள். அந்தக் காட்சியைப் பார்த்த இரவில் தூக்கம் வரவில்லை என்று எங்களில் இருவர் ஒப்புக்கொண்டோம்.

மான்லியின் மரணம் நம் மனதை உலுக்குவதில் வியப்பில்லை. போர்க்காலக் காதல் கதைகளின் உலகப் பொது இலக்கணம் அதுதான். காதல் இருக்கும், நாடு குறுக்கே வரும், ஒருவர் சாவார், எஞ்சியவர் அந்தச் சாவைச் சுமந்தபடி வாழ்வார். சாவு அந்தக் காதலை முடித்துவைப்பதோடு அதைக் காப்பாற்றியும் விடுகிறது. உயிரோடிருந்து மனம் மாறும் வாய்ப்பும், ஒரே வீட்டில் சலித்துப்போகும் வாய்ப்பும் இறந்தவருக்கு இல்லை. பார்வையாளர் அழுதுவிட்டு ஒருவித நிறைவோடு எழுந்துபோகலாம்.

தமிழில் இப்படி ஒரு போர்க்காலக் காதல் கதை உண்டா என்ற கேள்வியை எழுப்பியவர் எங்களில் மூத்தவரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர். முல்லைத்திணைப் பாடல்கள் இருக்கின்றனவே என்றார் ஒருவர். இருக்கின்றன, பாசறையில் தலைவன், வீட்டில் தலைவி, நடுவில் கார்காலம். ஆனால் அங்கே போர் ஒரு பருவம். மழை வந்தால் தேர் திரும்பிவிடும் என்ற ஒப்பந்தம் அந்தப் பாடல்களின் அடியில் இருக்கிறது. வானத்திலிருந்து குண்டு விழும் போர், ஊரையும் நாணயத்தையும் சட்டத்தையும் ஒரே வாரத்தில் மாற்றிவிடும் போர், தமிழ் மண்ணில் அன்று நேரடியாக நடக்கவில்லை. 1914 செப்டம்பரில் எம்டன் சென்னையைச் சுட்டதையும், 1942-இல் குண்டுக்கு அஞ்சிச் சென்னை காலியானதையும் விட்டால் நமக்கு உலகப் போர் என்பது பெரும்பாலும் ரேஷனும் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடுமே. போரைப் பார்த்த தமிழர்கள் கடலுக்கு அப்பால் இருந்தவர்கள். ஆகவே அந்தக் கதையும் கடலுக்கு அப்பாலிருந்துதான் வந்தது.

*

ப. சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938-இல், பதினெட்டு வயதில், சுமத்ரா தீவின் மேடான் நகரிலிருந்த வட்டிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். போர்க்காலம் முழுவதையும் தென்கிழக்காசியாவில் கழித்துவிட்டு 1946-இல் ஊர் திரும்பினார். மறு ஆண்டு மதுரை தினத்தந்தியில் சேர்ந்து நாற்பது ஆண்டுகள் பணியாற்றினார். எழுதிய நாவல்கள் இரண்டே. ‘கடலுக்கு அப்பால்’ 1950-இல் எழுதப்பட்டு, கலைமகள் நாவல் போட்டியில் முதற்பரிசு பெற்று, 1959-இல் நூலாக வந்தது. ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் வெளியானது. இரண்டாவது நாவலின் புகழ் முதல் நாவலை நிழலுக்குள் தள்ளிவிட்டது. இலக்கிய நண்பர்களிடம் சிங்காரம் என்றால் பாண்டியன், மேடான், எள்ளல், மொழியின் பாய்ச்சல் என்று ‘தோணி’யைப் பற்றித்தான் பேச்சு எழும். ‘கடலுக்கு அப்பால்’ அதற்கான ஒத்திகை என்பதுபோல் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். அப்படிக் கடக்கத்தக்க நாவல் அல்ல அது என்பது எங்கள் துணிபு.

கதை நடப்பது பினாங்கில், போர் முடிந்த கையோடு. வயிரமுத்துப் பிள்ளை அங்கே வட்டித்தொழில் செய்பவர். தொழில் வழக்கப்படி பெயரின் எழுத்துகளைக்கொண்டே அவர் அழைக்கப்படுகிறார்: வானாயீனா. மனைவி காமாட்சியம்மாள். மகள் மரகதம். கடையில் வேலை பார்த்து வளர்ந்த செல்லையா, அடுத்து மாப்பிள்ளையாக ஆகப்போகிறவன் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். செல்லையாவும் மரகதமும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். நடுவில் போர் வருகிறது. செல்லையா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். போர் முடிகிறது. அவன் உயிரோடு, முழு உடலோடு திரும்பி வருகிறான். அதுதான் சிக்கல். வானாயீனா பெண் தர மறுக்கிறார். துப்பாக்கி பிடித்தவன் வட்டிக்கடைக்கு ஆகமாட்டான் என்பது அவர் முடிவு. கடையிலிருக்கும் நாகலிங்கத்துக்கு மரகதத்தைக் கொடுக்கத் தீர்மானிக்கிறார்.

இவ்வளவுதான் கதை. மதில் இல்லை, கயிறு இல்லை. போரில் யார் பிழைப்பார் என்ற பதைப்பும் இல்லை. போர் முடிந்தபின் ஒரு கடையின் பேரேடு போரைப் பற்றி என்ன தீர்ப்புச் சொல்கிறது என்பதே நாவலின் விஷயம்.

*

அந்தத் தீர்ப்பைப் புரிந்துகொள்ள அன்றைய பினாங்கைக் கொஞ்சம் நினைவில் கொண்டுவர வேண்டும். 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் மலேயாவின் கோத்தபாருவில் இறங்கினார்கள். சில நாட்களிலேயே பினாங்கின் ஜார்ஜ் டவுன் மீது குண்டுமழை. பிரிட்டிஷார் தீவிலிருந்த ஐரோப்பியர்களை இரவோடு இரவாக வெளியேற்றிவிட்டு மற்றவர்களை விட்டுச் சென்றனர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. வெள்ளைக்காரன் தோற்கமாட்டான் என்ற நம்பிக்கையின்மேல் எழுப்பப்பட்டிருந்த எல்லாமே சரிந்தன. வட்டித்தொழிலும் அந்த நம்பிக்கையின்மேல் நின்றதுதான். கோர்ட்டு இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, கொடுத்த பணம் திரும்பும் என்ற உறுதி இல்லாவிட்டால் லேவாதேவி ஏது?

பிறகு ஜப்பானிய ராணுவ நோட்டு வந்தது. வாழைமரம் அச்சிட்டிருந்ததால் மக்கள் அதை வாழைமர நோட்டு என்றனர். அடித்துத் தள்ளப்பட்ட அந்தக் காகிதத்தின் மதிப்பு மாதத்துக்கு மாதம் இறங்கியது. 1945-இல் பிரிட்டிஷார் திரும்பியதும் வெறும் காகிதமானது. ஒருகாலத்தில் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை இந்தக் காகிதத்தால் அடைத்தவர்கள் உண்டு. மூன்றரை ஆண்டுகளில் உழைப்பும் சேமிப்பும் எப்படி ஆவியாகும் என்பதை வானாயீனாக்கள் கண்ணால் பார்த்தவர்கள். அவர்கள் கண்ட போர் இது. செல்லையா கண்ட போர் வேறு. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இயக்கத்தின் தலைமையை ஏற்றபோது, மலேயாவின் தோட்டங்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் பெயர் கொடுத்தார்கள். முதலாளி முன் கைகட்டி நின்று பழகிய பையன்கள் நிமிர்ந்து நடக்கக் கற்றார்கள். கட்டளைக்குப் பணியவும், கட்டளை இடவும் கற்றார்கள். பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, என்றோ ஒருநாள் மேலாளாவது என்ற ஏணியைத் தவிர வேறொன்றும் அறியாதவர்களுக்கு, அந்த ஏணிக்கு வெளியே ஓர் ஆகாயம் இருப்பது தெரிந்துபோனது.

ஆக, ஒரே போர் ஒருவருக்கு இழப்பின் பாடத்தையும் இன்னொருவனுக்கு நிமிர்வின் பாடத்தையும் கற்பித்தது. அந்த இருவரும் ஒரே கூரையின்கீழ் மாமனும் மருமகனுமாக அமர முடியுமா? முடியாது என்கிறார் வானாயீனா. அவர் சொல்வதில் நியாயம் இருப்பதுதான் நாவலின் வலிமை.

வட்டிக்கடை ஒரு தனித்த உலகம். அங்கே பணிவு ஒரு மூலதனம். கடன் வாங்கியவன் கோபமாகப் பேசினால் சிரித்துக்கொண்டு கேட்க வேண்டும்; மறுநாள் மீண்டும் அவன் வாசலில் போய் நிற்க வேண்டும். அயல்நாட்டில், யாரோ ஆளும் மண்ணில், தலை தெரியாமல் பிழைக்க வேண்டும். துப்பாக்கி பிடித்த கைக்கு இந்தக் குழைவு வருமா என்று அவர் கேட்பது கொடுமைக்காரத் தகப்பனின் கேள்வி அன்று. தொழில் அறிந்தவனின் கேள்வி. செல்லையாவை அவர் வெறுக்கவில்லை. அவனுடைய திறமையை அறிவார். அவன் கெட்டுப்போகவில்லை என்பதையும் அறிவார். அவன் மாறிவிட்டான் என்பது மட்டுமே குற்றச்சாட்டு. அதற்கு எதிராக அவனாலும் வாதாட முடியாது. ஏனென்றால் அது உண்மை.

எங்கள் கூட்டம் நடப்பது பீங்கான் தொழிற்பேட்டையில், நண்பர் ஒருவரின் பட்டறையில். மின்சார ஃபியூஸ் கட்டைகளும் பொம்மைகளும் அடுக்கிவைத்த பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் இவ்வளவும் பேசினோம். செல்லையா கொஞ்சம் பொறுமையாக இருந்து கடை வேலையில் மறுபடி பழகியிருந்தால் பிள்ளைவாள் மனம் மாறியிருப்பாரே என்று ஒருவர் சொன்னபோது, பட்டறை நண்பர் மறுத்தார். “சுட்ட மண்ணக் கரைக்க முடியாது சார். பச்சையா இருக்கறப்ப ஒடஞ்சா தண்ணியில போட்டுக் கரைச்சு மறுபடி அச்சுல ஊத்தலாம். சூளைக்குள்ள ஒருதடவ போய்ட்டு வந்துடுச்சுன்னா, ஒடைக்கலாம், கரைக்க மட்டும் முடியாது” என்றார். ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தைத் தாண்டும்போது களிமண்ணோடு கலந்திருக்கும் நீர் அடியோடு வெளியேறிவிடுகிறதாம்; அதன்பின் எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது மண்ணாகத் திரும்புவதில்லை. தொழில்காரர் சொன்ன இந்த விளக்கத்துக்குமேல் செல்லையாவைப் பற்றி நாங்கள் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

*

மரகதத்தைப் பற்றிய பேச்சு அவ்வளவு எளிதில் முடியவில்லை. எங்களில் ஒரே பெண்மணி, பள்ளியில் வரலாறு நடத்துபவர். அவரை வயது வித்தியாசம் பாராமல் எல்லோரும் அக்கா என்றுதான் அழைக்கிறோம். மான்லிக்கும் மரகதத்துக்கும் இடையே அவர் வைத்த ஒப்பீடு கடுமையானது. மான்லி சாகிறாள்; ஆனால் தன் கையிலிருக்கும் கத்தியால், தன் முடிவால் சாகிறாள். மரகதம் வாழ்கிறாள், ஆனால் அந்த வாழ்க்கையில் அவள் முடிவு என்று ஒன்றுமில்லை. இருவரில் யாருடையது துயரம் என்று கேட்டார்.

மரகதம் அந்தக் காலத்துப் பெண், அப்படித்தான் இருந்திருப்பாள் என்று பதில் வந்தது. அக்கா அதை ஏற்கவில்லை. அதே காலத்தில், அதே மலேயாவில், 1943 அக்டோபரில் ஜான்சி ராணி படைப்பிரிவு தொடங்கப்பட்டதை நினைவூட்டினார். கேப்டன் லட்சுமியின் தலைமையில் நூற்றுக்கணக்கான பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள், சீருடை அணிந்து பயிற்சி பெற்றார்கள். கோலாலம்பூரின் வசதியான வீட்டில் வளர்ந்த ஜானகி தேவர் பதின்வயதில் அதில் சேர்ந்து, பர்மா வரை போய், தோல்விக்குப் பின் தோழியரோடு மீண்டு வந்தார். பிற்காலத்தில் மலேசிய அரசியலிலும் பங்காற்றினார். இந்திய அரசு 2000-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தது. ஆகவே, ‘அந்தக் காலம்’ என்பது எல்லாப் பெண்களையும் ஒரே அறையில் பூட்டிவைத்திருக்கவில்லை. மரகதத்தின் அறை பூட்டப்பட்டதற்குக் காரணம் காலம் அன்று. வட்டிக்கடை வீட்டின் ஒழுங்கு.

இந்த இடத்தில் நாங்கள் நாவலுக்குத் திரும்பினோம். சிங்காரம் மரகதத்தின் மனத்தைச் செல்லையாவின் மனத்தைப்போல் விரித்துக் காட்டவில்லை என்பது உண்மை. இது அவருடைய பொதுவான எல்லையும்கூட. அவருடைய உலகம் கடைத்தெருவும் கப்பல்துறையும் படைமுகாமும் நிறைந்த ஆண்களின் உலகம். எனினும், ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் காமாட்சியம்மாள் இருக்கிறாள். மகளின் மனதை அறிந்தவள், செல்லையாவின்மேல் பரிவு கொண்டவள், கணவனின் முடிவு தவறென்று உணர்ந்தவள். இருந்தும் அவளால் அந்த முடிவை மாற்ற முடியவில்லை. மரகதத்தின் எதிர்காலம் எப்படி இருக்கும் என்பதை நாவல் தாயின் வழியாக நமக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறது என்று எங்களுக்குத் தோன்றியது. இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு மகளுக்காக அடுக்களையிலிருந்து கெஞ்சப்போகிறவள் மரகதம்.

தொல்காப்பியர் பொருள்தேடிக் கடல் கடக்கும் பயணம் பெண்களை உடன்கொண்டு செல்வதில்லை என்று விதி வகுத்தார். பினாங்கு வரை குடும்பத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டவர்கள் அந்த விதியை மீறியவர்கள்தாம். ஆனால் கப்பலில் பெண்கள் ஏறியபோது அவர்களோடு ஊரின் வீடும் ஏறிவிட்டது. கடல் கடந்தது உடல். முற்றமும் நிலைப்படியும் அப்படியே உடன் வந்தன.

*

இதுவரை பேச்சு நூலுக்குள்ளேயே இருந்தது. அதை வெளியே இழுத்தவர், எங்களில் அதிகம் பேசாத நண்பர். முந்திரி வியாபாரம் செய்பவர். அவருக்கு மணவயதில் ஒரு மகள். ஓராண்டுக்கு முன் நல்ல இடத்திலிருந்து வரன் வந்ததும், பையன் ராணுவத்தில் இருப்பதால் அவர் மறுத்ததும் எங்களுக்குத் தெரியும். எல்லைப் பக்கம் பணி. ஒழுக்கமான பையன், தூரத்து உறவு, மகளோடு ஒரே பள்ளியில் படித்தவன்.

“வானாயீனா சொன்னதத்தான் நானும் சொன்னேன். பட்டாளத்துக்காரன் வருஷத்துக்கு ரெண்டு மாசம் வருவான். பதினஞ்சு வருஷம் கழிச்சு வந்து நம்ம கடையில உக்காந்து மூட்டைக்கணக்குப் பாப்பானா? எனக்கு ஆம்பளப் புள்ள இல்ல. தப்பாச் சொல்லிட்டேன்னு எனக்கு இப்பவும் தோணல” என்றார்.

“மகளக் கேட்டீங்களா?” என்றார் அக்கா.

“கேக்கலக்கா. அதுவும் ஒண்ணும் சொல்லல.”

யாரும் சற்றுநேரம் பேசவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எங்களில் எவருக்கும் வாய் வரவில்லை. தொழில், முதுமை, ஒற்றை மகள் என்று அவர் கணக்கிட்டதெல்லாம் நாங்களும் எங்கள் வீடுகளில் கணக்கிடுபவைதாம். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை என்ற சொல்லில்தான் நாங்கள் எல்லோரும் தடுக்கி நின்றோம். மரகதத்தின் மௌனத்தை ஆசிரியரின் குறை என்று அரைமணி நேரம் வாதாடியிருந்தோம். அந்த மௌனம் எழுத்தாளர் விட்ட இடைவெளியா, வீடு விட்ட இடைவெளியா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. 1950-இல் எழுதப்பட்ட நாவல் ஒன்று, தென்னாற்காட்டின் ஒரு முந்திரிக் கடைக்குள் இன்றும் நடந்துகொண்டிருப்பதை அன்று கண்டோம்.

தென்னாற்காட்டுக்கும் அந்தக் கடலுக்கும் உறவு புதிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். மலேயத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் தஞ்சை, திருச்சி, சேலத்தோடு தென்னாற்காடும் ஒன்று. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அங்கே நான்காம் தலைமுறையினர். போர்க்காலத்தில் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு ஜப்பானியர் பிடித்துச்சென்ற கூலிகளில் பல்லாயிரவர் இந்தத் தோட்டத் தமிழர்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை 1942-க்கும் 1943-க்கும் இடையே போட்டு முடித்தபோது இறந்தவர்களின் சரியான கணக்கு எவரிடமும் இல்லை. அவர்களிலும் காதலித்தவர்கள் இருந்திருப்பார்கள். செல்லையாவின் கதைக்காவது ஒரு நாவல் கிடைத்தது.

*

திரும்பி வந்த போராளிக்கு வீட்டில் இடமில்லை என்ற கதை நம் காலத்தில் இன்னும் கூர்மையாக நடந்திருக்கிறது. 2009-இல் ஈழப்போர் முடிந்தபின் தடுப்பு முகாம்களிலிருந்து வெளிவந்த முன்னாள் போராளிகள், அதிலும் பெண்கள், எதிர்கொண்ட முதல் மறுப்புகளில் ஒன்று திருமணத்தில் வந்தது. போர்க்காலத்தில் பெருமையாக இருந்த சீருடை, போர் முடிந்ததும் வரன் பேசுமிடத்தில் மறைக்க வேண்டிய செய்தியானது. கண்காணிப்புக்கு அஞ்சியோரும் உண்டு. ஆயுதம் ஏந்திய பெண் குடும்பத்துக்கு ஆவாளா என்று கேட்டோரும் உண்டு. அச்சத்துக்கு அங்கே உண்மையான காரணங்கள் இருந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் கேள்வி வானாயீனாவின் கேள்விதான். பினாங்கில் செல்லையாவிடம் கேட்கப்பட்டபோது அது ஓர் ஆணிடம் கேட்கப்பட்டது. வன்னியில் அதே கேள்வி பெண்களை நோக்கித் திரும்பியது.

இதனால்தான் போர்க்காலக் காதலின் பெருந்துயரம் சாவு என்ற பொது இலக்கணத்தைச் சிங்காரம் மீறியிருப்பது முக்கியமாகிறது. அவருக்குச் சாவை எழுதத் தெரியாது என்பதில்லை. ‘புயலிலே ஒரு தோணி’யின் பாண்டியன் இறுதியில் சுடப்பட்டு இறக்கிறான், தமிழ் நாவல்களின் மறக்கமுடியாத சாவுகளில் ஒன்று அது. ஆனால் காதலை மையமாக வைத்து எழுதிய நாவலில் அவர் யாரையும் கொல்லவில்லை. செல்லையாவைப் போர்முனையில் சாகடித்திருந்தால் மரகதம் அவன் நினைவோடு வாழும் காவிய நாயகியாகியிருப்பாள். வானாயீனா கண்ணீர் விடும் நல்ல தகப்பனாகியிருப்பார். போர் மட்டுமே குற்றவாளியாக நின்றிருக்கும். அந்த வசதியை ஆசிரியர் தன் பாத்திரங்களுக்கும் நமக்கும் தரவில்லை. போர் செல்லையாவை உயிரோடு அனுப்பிவைத்தது. அவனை ஏற்க மறுத்தது அமைதி.

செல்லையாவால் மரகதத்தை அழைத்துக்கொண்டு எங்கேனும் போயிருக்க முடியும் என்றே வாசகருக்குத் தோன்றுகிறது. காட்டிலும் படையிலும் பழகியவனுக்கு அது பெரிய காரியமன்று. நாவல் அந்த வழியில் போவதில்லை. நண்பன் மாணிக்கத்தின் பேச்சின் ஊடாக அவன் இழப்பை இழப்பாகவே ஏற்கும் ஒரு நிலைக்கு வருகிறான். மாணிக்கம் கொண்டாடத்தக்க பாத்திரம். படித்தவன், எள்ளல்காரன், எதையும் தள்ளிநின்று பார்ப்பவன். அவன் தரும் ஆறுதல் தத்துவத்தின் குளிர்ச்சி கொண்டது. அது செல்லையாவுக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். மரகதத்திடம் அதைச் சொல்ல யாரும் வரவில்லை என்பதை அக்கா மறுபடி நினைவூட்டினார். நாங்கள் மறுக்கவில்லை.

சிங்காரத்தின் சொந்த வாழ்வை இந்நாவலின்மேல் ஏற்றிப் படிப்பது முறையா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். இந்தோனேசியாவில் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவியும் குழந்தையும் பிரசவத்தில் இறந்தார்கள். அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மதுரையில் ஒய்.எம்.சி.ஏ. விடுதியின் அறை ஒன்றில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தனியே வாழ்ந்தார். சேமிப்பை ஏழை மாணவர்களின் கல்விக்கென்று நாடார் மகாஜன சங்கத்துக்கு அளித்துவிட்டு, 1997 டிசம்பரில் இறந்தார். கடல் கடந்த வாழ்வு எட்டு ஆண்டுகள். அதை நினைத்துக்கொண்டு கரையில் இருந்தது ஐம்பது ஆண்டுகள். தன் சொந்த இழப்பைப் பற்றி அவர் ஒரு நாவல் எழுதவில்லை. உயிரோடிருக்கும் இருவர் ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் இழக்கும் கதையை எழுதினார்.

மான்லிக்காக அழுத நண்பர்கள் ‘கடலுக்கு அப்பால்’ நாவலையும் எடுத்துப் படிக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். அழுகை வராது. வானாயீனாவின் வாதங்களை ஒவ்வொன்றாக மறுத்துப் பார்க்கத் தோன்றும். பாதிக்குமேல் மறுக்க முடியாது. அப்படி மறுக்க முடியாமல் நிற்கும்போது, வீட்டில் யாரிடம் எதைக் கேட்காமல் விட்டோம் என்று எண்ணிப் பார்க்கலாம். முந்திரிக்கடை நண்பர் அடுத்த கூட்டத்துக்கு நாவலை வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தார். தான் படிக்க அல்ல, மகள் கேட்டாளாம்.